கேலக்ஸி ஏன் சிதறுகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானியற்பியலை விளையாட்டாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று பள்ளியில் ஒரு கேலக்ஸி நிரல் எழுதினோம். நடுவில் பெரிய நிறை, சுற்றிலும் 2000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாவற்றையும் ஈர்க்கும். ஓடவிட்டால் சில சுற்றுகளிலேயே வட்டு உப்பிவிடுகிறது. சில புள்ளிகள் தெறித்துத் திரையை விட்டே போகின்றன. நாங்கள் வரைந்துவிட்ட சுருள்கைகளும் காணாமல் போகின்றன. பிள்ளைகளோ "பிரபஞ்சம் விரிகிறது" என்கிறார்கள். புள்ளிகளைக் கூட்டினால் சரியாகுமா?

ஓர் இயற்பியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

புள்ளிகளைக் கூட்ட வேண்டாம், கணக்கைக் குறையுங்கள். நீங்கள் சொல்லும் மூன்றில் முதல் இரண்டும் நிரலின் கோளாறுகள். மூன்றாவதுதான் வானத்தைச் சேர்ந்தது. எது எதைச் சேர்ந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி செய்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வட்டு உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயிலர் முறை, அதாவது நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி நகர்த்தும் மிக எளிய வழி. பழைய வேகத்தை வைத்து இடத்தையும், பழைய இடத்தின் விசையை வைத்து வேகத்தையும் மாற்றினால், ஒவ்வொரு படியிலும் புள்ளி தொடுகோட்டில் கொஞ்சம் வெளியே நழுவும். ஆற்றல் கூடிக்கொண்டே போகும். லீப்ஃபிராக் முறைக்கு மாறுங்கள்: வேகத்தை அரைப் படி மாற்று, இடத்தை முழுப் படி நகர்த்து, புது இடத்தில் விசையைக் கணக்கிடு, வேகத்தை மறுபடி அரைப் படி மாற்று. அதற்கு முன் பழைய நிரலிலேயே நேரப்படியைப் பாதியாக்கி ஓட்டச் சொல்லுங்கள். உப்பல் குறைந்தால் குற்றவாளி கணக்கு. இயற்கைக்கு நம் நேரப்படி தெரியாது. படியின் அளவைத் திரையின் வேகத்தோடு கட்டிவிடவும் கூடாது, கணினிக்குக் கணினி வேறு கேலக்ஸி கிடைக்கும்.

தெறிப்பது வேறு சங்கதி. பத்தாயிரம் கோடி சூரியநிறையை 2000 புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளி 5 கோடி சூரியன்கள். அப்படி இரண்டு மிக நெருங்கினால் விசை தாறுமாறாக ஏறிவிடும். விசைச் சூத்திரத்தில் தொலைவின் வர்க்கத்தோடு 0.2 கிலோபார்செக்கின் (ஒரு கிலோபார்செக் ஏறக்குறைய 3,260 ஒளியாண்டு) வர்க்கத்தைக் கூட்டிக்கொண்டால் இது அடங்கும்; இதற்கு மென்மையாக்கல் என்று பெயர். ஆனால் என் யோசனை, புள்ளிகளுக்கிடையே உள்ள ஈர்ப்பையே எடுத்துவிடுவது. ஒவ்வொரு படிக்கும் 20 லட்சம் ஜோடிக் கணக்கு மிச்சம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1972-இல் அலார் டூம்ரேயும் யூரி டூம்ரேயும், ஒன்றோடொன்று மோதும் ஜோடியான ஆன்டெனா கேலக்ஸிகளின் நீண்ட வால்களை நிறையற்ற புள்ளிகளைக் கொண்டுதான் வரவழைத்தார்கள்.

அளவுகள்: தொலைவு கிலோபார்செக்கில், வேகம் விநாடிக்குக் கிலோமீட்டரில், நிறை சூரியநிறையில். அப்போது ஈர்ப்பு மாறிலி 0.0000043, ஓர் அலகு நேரம் ஏறக்குறைய 97.8 கோடி ஆண்டு. மையம் நோக்கிய முடுக்கம்: 220-இன் வர்க்கத்தை மையத்திலிருந்துள்ள தொலைவால் பெருக்கி, (தொலைவின் வர்க்கம் + 1) ஆல் வகுத்தது. இந்த முடுக்கத்தைத் தொலைவால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தொடக்க வேகம் கிடைக்கும். அதை ஆரத்துக்குச் செங்குத்தாகக் கொடுங்கள். படி 5 லட்சம் ஆண்டு, விநாடிக்கு 60 படி என்று வைத்தால், சூரியன் இருக்கும் தொலைவான 8 கிலோபார்செக்கில் ஒரு சுற்று ஏழரை விநாடியில் முடியும். வகுப்புக்கு அது போதும்.

இனி விளையாட்டு. ஒரே ஒரு பொத்தான், இரண்டு நிலை. முதல் நிலையில் மையத்தில் பத்தாயிரம் கோடி சூரியநிறை மட்டும். இரண்டாவதில் மேலே சொன்ன முடுக்கச் சூத்திரம் தரும், வெளியேயும் பரவிய நிறை. 8 கிலோபார்செக்கில் முதல் நிலையின் வேகம் 232, இரண்டாவதில் 218; பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இப்போது நிறுத்திவிட்டு, 16-இல் என்ன வேகம் என்று இரு நிலைகளுக்கும் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் பொத்தானைத் தொடக்கூடாது. இந்த ஒரு விதியை விட்டால் மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பதுதான். விடை 164, 220. பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியை வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் அளந்து வெளியிட்டபோது, வெளிப்பகுதியின் வேகம் முதல் நிலையைப் போலச் சரியவில்லை. பின்னர் ரேடியோ அளவீடுகள் இன்னும் வெளியே போயும் அதையே காட்டின. ஆனால் உங்கள் நிரல் கரும்பொருளை (ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருளை) நிரூபித்துவிட்டதாக யாரும் சொல்லக்கூடாது. அதை உள்ளே வைத்ததே நாம்தான். 8-க்குள் எவ்வளவு நிறை, 16-க்குள் எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஒளி அப்படிக் கூடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சுருள்கைகளுக்கு வருவோம். மையத்திலிருந்து ஒரு நேர்கோட்டில் உள்ள புள்ளிகளுக்குச் சிவப்பு பூசி ஓடவிடுங்கள். 8-இல் உள்ளது ஒரு சுற்று முடிப்பதற்குள் 4-இல் உள்ளது இரண்டு சுற்றை நெருங்கிவிடும். நூறு கோடி ஆண்டில் கோடு இறுகச் சுருண்டு, பிறகு வட்டோடு கலந்துவிடும். உங்கள் நிரல் இங்கே பொய் சொல்லவில்லை. கைகள் எப்போதும் அதே விண்மீன்களால் ஆனவை என்றால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் 1964-இல் லின், ஷூ என்ற இரு ஆய்வாளர்கள், கை என்பது வட்டில் பரவும் அடர்த்தி அலை, விண்மீன்கள் அதற்குள் வந்து போகின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். எல்லாச் சுருள்களுக்கும் அது பொருந்துமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தானாகவே கைகள் முளைக்க வேண்டுமென்றால் புள்ளிகளுக்குள் ஈர்ப்பு வேண்டும். அதை மேல்வகுப்புக்கு விடுங்கள்.

கேலக்ஸி மோதலைப் பிள்ளைகள் முதல் நாளே கேட்பார்கள். கடைசியில் வையுங்கள். அங்கே மேற்சொன்ன சூத்திரம் உதவாது, வெளியே போகப் போக அதன் நிறை முடிவில்லாமல் கூடும். இரு மையங்களுக்கும் மென்மையாக்கிய புள்ளிநிறையைக் கொடுத்து, இரண்டையும் நகரவிடுங்கள். வட்டு சுழலும் திசையிலேயே விருந்தாளிக் கேலக்ஸி கடந்தால் நீண்ட வால் இழுபடும். எதிர்த்திசையில் கடந்தால் அநேகமாக வராது. திரையில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்து விண்மீன்கள் மோதுவதாக நினைப்பார்கள். சூரியனுக்கும் அதற்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமாவுக்கும் உள்ள இடைவெளி சூரியனின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 2.9 கோடி மடங்கு என்பதை அப்போது அவர்களையே வகுத்துப் பார்க்க விடுங்கள்.