படத் தேடல் தளத்துக்கு இடைமுகம் வடிவமைப்பது: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அக்கா, கல்லூரி புராஜெக்ட்டுக்காகப் பழைய கோயில் புகைப்படங்களைத் தேடும் தளம் செய்கிறோம். சின்னப் படங்களை எல்லாம் ஒரே அளவுச் சதுரமாக வெட்டிவிடலாமா? பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

பதில்: வேண்டாம்மா. கோபுரப் படம் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக எடுத்ததாக இருக்கும். சதுரமாக வெட்டினால் மேலே கலசமும் போகும், கீழே வாசலும் போகும். நடுவில் மிஞ்சுகிற நிலைகளைப் பார்த்தால் எல்லாக் கோபுரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். எதை வைத்து இன்ன கோயில் என்று கண்டுபிடிப்பார்களோ, அதையே நாம் வெட்டி எறிந்திருப்போம். வரிசைக்கு ஒரே உயரம் வைத்து, அகலத்தை அந்தந்தப் படத்தின் விகிதப்படி விடுங்கள். ஃபிளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளத்தில் இப்படித்தான் இருக்கும். பின்டெரெஸ்ட் போல ஒரே அகலத் தூண்களாக அடுக்குவது சும்மா உலாவ நன்றாக இருக்கும். ஆனால் எது முதல் முடிவு, எது அடுத்தது என்று பிடிபடாது.

கேள்வி: ஒத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேடச் சுலபம்தானே?

பதில்: எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். கேம்பிரிட்ஜில் கெர்ரி ராடன் குழுவினர் இதையே சோதித்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒத்த படங்களைச் சேர்த்து வைத்தால், எந்தப் பக்கம் என்ன வகை இருக்கிறது என்று சீக்கிரம் தெரிகிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் சில நேரம் ஒன்றோடொன்று கலந்துபோய்க் கண்ணில் படாமல் போகின்றன. கலைத்துப் போட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுப்பாகத் தெரிகிறது. அதனால் முதல் திரையில் பலவிதப் படங்கள் வரட்டும். ஒவ்வொன்றிலும் ‘இதைப் போன்றவை’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். ஒரே படத்தின் பல பிரதிகளை ஒன்றுக்குள் மடித்துவிடுங்கள். கலைப்பதை விட இது முக்கியம்.

கேள்வி: படத்தைப் போட்டுத் தேடும் வசதி மட்டும் போதாதா? தட்டச்சே வேண்டாமே.

பதில்: டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளம் 2008இலும் கூகுள் 2011இலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. சரி, கையில் படமே இல்லாதவர் என்ன செய்வார்? இரண்டையும் சேர்த்தால்தான் பலன்: படத்தைக் கொடுத்து ‘இதே புடவை, பச்சை நிறத்தில்’ என்று எழுதவும் வழி இருக்க வேண்டும். 2021இல் கிளிப் (CLIP) போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தபின், சொல்லையும் படத்தையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுவது எளிதாகிவிட்டது. படத்தின் எந்தப் பகுதியை வைத்துத் தேடுகிறோம் என்று கட்டம் போட்டுக் காட்டுங்கள். அதை இழுத்து மாற்றவும் விடுங்கள். புடவையைக் கேட்டவருக்குப் பின்னால் இருக்கும் கதவு வந்தால், ஏன் வந்தது என்று அவருக்கே புரியும்.

கேள்வி: பக்க எண்களா, முடிவில்லாத உருட்டலா?

பதில்: படத்துக்கு உருட்டல் சரிதான், ஒரு பார்வையில் பல படங்களைத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு படத்தைத் திறந்துவிட்டுத் திரும்பினால் விட்ட இடத்துக்கே வர வேண்டும். மேலே கொண்டுபோய் விட்டீர்கள் என்றால் ஆள் போய்விடுவார். அப்புறம், படம் வந்து சேரும் முன்பே அதன் நீள அகலத்துக்கு இடம் ஒதுக்கி, அதன் முக்கிய நிறத்தைப் பூசி வையுங்கள். இல்லாவிட்டால் நெட் மெதுவாக இருக்கும்போது விரல் வைக்கப் போகிற படம் நகர்ந்துவிடும்.

கேள்வி: தமிழில் தேடினால் பாதி முடிவுதான் வருகிறது, அக்கா.

பதில்: கோவில், கோயில், கோயிலின், ஆங்கில எழுத்தில் தட்டியது எல்லாம் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில், படத்தில் உள்ளதை விக்கித்தரவு (Wikidata) உருப்படியோடு, அதாவது ஒரு பொருளுக்குப் பல மொழிப் பெயர்களையும் ஒன்றாக வைத்திருக்கும் பதிவோடு, இணைக்கிறார்கள். அந்த உருப்படிக்குத் தமிழ்ப் பெயர் இருந்தால், ஆங்கிலக் குறிப்பு மட்டும் உள்ள படமும் தமிழில் கிடைக்கும். நீங்களும் இப்படியே செய்யலாம்.

கேள்வி: படத்தைத் தொட்டால் என்ன காட்டுவது?

பதில்: பெரிய படமும், பக்கத்திலேயே எடுத்தவர் பெயர், மூலத் தளம், பயன்படுத்தும் உரிமையும். புகைப்படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனபின் 2018இல் கூகுள் ‘படத்தைப் பார்’ பொத்தானை நீக்கி, மூலப் பக்கத்துக்குப் போகும் பொத்தானை மட்டும் வைத்தது. பலருக்கு எரிச்சல்தான், ஆனால் புகைப்படக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. உரிமை விவரத்தை மெனுவுக்குள் ஒளிக்காதீர்கள். தரவிறக்கப் பொத்தானுக்கு மேலேயே போடுங்கள்.