கண்மாயில் விட்ட குஞ்சுக்கு அடையாளம் வைக்க முடியுமா?

கேள்வி: வருஷாவருஷம் காசு கொடுத்துக் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி எங்கள் ஊர்க் கண்மாயில் விடுகிறோம். கோடையில் மீன்பிடித் திருவிழா அன்று பார்த்தால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. விட்டது பிழைத்ததா, வாய்க்காலில் வந்த மீனா என்றே தெரியவில்லை. குஞ்சை மருந்துத் தண்ணீரில் போட்டு அடையாளம் வைப்பார்களாமே, நிஜமா?
(வாசகர், மேலூர் வட்டம்)

பதில்: நிஜம்தான். மீன் தலைக்குள் காதுக்கல் இருக்கிறது, கத்தாழை மீன் தலையைக் கடித்தால் பல்லில் படுமே, அதுதான். கட்லாவுக்கு ரொம்பச் சிறியது. சுண்ணாம்புச் சத்து படலம் படலமாகப் படிந்து அது வளரும். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சைச் சில மணி நேரம் விட்டால், மருந்து சுண்ணாம்போடு ஒட்டி அன்றைய படலத்திலேயே தங்கிவிடும், அப்புறம் மீன் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வளையம் உள்ளே இருக்கும், புற ஊதா ஒளி உள்ள நுண்ணோக்கியில் மஞ்சளாக ஒளிரும். அமெரிக்காவில் இதற்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 200 முதல் 700 மில்லிகிராம், 2 முதல் 6 மணி நேரம்.

நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதிலுள்ள கால்சியமே மருந்தைப் பிடித்துக்கொண்டால் காதுக்கல்லில் சரியாக ஏறாது. அதனால் கொஞ்சம் குஞ்சைத் தனித்தொட்டியில் வளர்த்து, அடையாளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைப்பது வேறு. கட்லாவும் ரோகுவும் தேங்கின தண்ணீரில் இனப்பெருக்கம் செய்யாது, ஓடும் வெள்ளம் வேண்டும். ஆக உங்கள் கண்மாயில் பிடிபடும் கட்லா பெரும்பாலும் நீங்கள் விட்டதாகத்தான் இருக்கும். எந்த அளவுக் குஞ்சு பிழைக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் பொடிக் குஞ்சாக விட்டால் விரால் வாய்க்குத்தான் நிறையப் போகும். பொடிக் குஞ்சுக்கு ஒரு வளையம், விரல் அளவுக் குஞ்சுக்குச் சில நாள் இடைவெளியில் இரண்டு வளையம் என்று வைத்து, இரண்டிலும் எத்தனை என்று எண்ணிக் கண்மாயில் விடுங்கள், பிடிபடும் மீனில் எந்த அடையாளம் எத்தனை என்று பார்த்தால் எந்த அளவுக் குஞ்சு பிழைத்தது என்று தெரியும். அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்றில் ஷாட் மீன் குஞ்சுகளுக்கு 1980களிலிருந்தே இப்படி அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

காதுக்கல்லை எடுக்க மீனைக் கொல்லத்தான் வேண்டும். திருவிழாவில் எப்படியும் பிடிக்கிறீர்கள், குழம்புக்குப் போகுமுன் சில தலைகளை வாங்கி, வெளிச்சம் படாமல் வையுங்கள், வெளிச்சம் பட்டால் ஒளிர்வு மங்கிவிடும்.

மருந்துக்கடையில் வாங்கி நீங்களாகக் கலக்காதீர்கள். அது ஆன்டிபயாட்டிக், மீதித் தண்ணீர் கண்மாயில் கலக்கவே கூடாது. மீன்வளத் துறை அலுவலகத்தில் பேசி, குஞ்சுப் பண்ணையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.