குதிரைப் பதக்கங்களில் மூலத்தையும் நகலையும் எப்படிப் பிரித்தறிவது?

குதிரை உருவம் கொண்ட பழைய வார்ப்புப் பதக்கம் மூலமா, பின்னாளைய நகலா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ வார்த்த பதக்கத்தைக் கொண்டு விளக்குகிறேன். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளை இணைக்கும் பேச்சுக்காக 1438இல் இத்தாலியின் பெராரா நகருக்கு வந்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானின் நினைவாக உருவான அந்த வெண்கலப் பதக்கம் சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுடையது. முன்புறத்தில் உயர்ந்த தொப்பியணிந்த அவருடைய பக்கவாட்டு முகமும், பின்புறத்தில் வழியோரச் சிலுவையின் முன் குதிரைமேல் அமர்ந்து அவர் வணங்கும் காட்சியும் உள்ளன. அருகே ஏவலாளின் குதிரை பின்பக்கம் மட்டும் தெரியுமாறு நிற்கிறது. என் பார்வையில் முன்புறத்தைவிட அழகானது இந்தப் பின்புறமே.

பழைய பதக்கத்தையே அச்சாக வைத்து மீண்டும் வார்க்கும்போது, உருகிய வெண்கலம் ஆறுகையில் சுருங்குவதால், நகலின் விட்டம் ஓரிரு மில்லிமீட்டர் குறையும். ஆகவே அருங்காட்சியகப் பட்டியலிலுள்ள அளவோடு வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியால் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் உருப்பெருக்கியால் கடிவாளத்தையும் வால்மயிரையும் எழுத்துகளின் விளிம்பையும் நோக்குங்கள். நகலில் இவை கரைந்த சோப்பைப்போல மழுங்கியிருக்கும். மூலமும் கைபட்டுத் தேயக்கூடும் என்றாலும், அத்தேய்மானம் மேடுகளில்தான் விழும். பள்ளங்களில் கூர்மை எஞ்சியிருக்கும்.