சாலை கேட்காத தலைவர்

அன்புள்ள ஐயா,

தலைவர் நேரில் வராமல் அவருடைய ஒளியுருவத்தை மேடையில் காட்டும் ஹாலோகிராம் பிரச்சாரத்தைப் ‘பணமுள்ள கட்சிகளின் விளையாட்டு’ என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர்க்காரன், பூண்டு விவசாயி. எங்கள் தொகுதியின் பெயரே அடிவார ஊரான பழனி. வேட்பாளர்கள் அடிவாரத்திலேயே பெரும்பாலான வாக்குகளைக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். மாநிலத் தலைவர் யாராவது மலையேறினாலும் கொடைக்கானல் நகரின் மூஞ்சிக்கல்லில் வேனில் நின்றபடி பேசிவிட்டு இறங்கிவிடுவார். எங்களுக்கும் அப்பாலுள்ள கிளாவரை வரைக்கும் யார் வருகிறார்கள்? 2014-இல் வடமாநிலக் கிராமங்களுக்கு மோடியின் ஒளியுருவத்தை வண்டியில் கொண்டுபோய்க் காட்டினார்களே, அப்படியாவது ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தால் என்ன குறை? கொடைக்கானலின் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் தன் நிழலை மேகத்தில் பார்த்துப் பரவசப்படுகிற நாம் இதை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்?

செ., மன்னவனூர்

அன்புள்ள செ.,

கோக்கர்ஸ் வாக்கில் தெரிவது உங்கள் நிழல். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயிலும் எதிரே மேகமும் அமைந்தால், நீங்கள் கையை அசைக்கும்போது அதுவும் அசையும். மேடையில் தெரியும் தலைவர் நீங்கள் எவ்வளவு கையசைத்தாலும் திரும்பமாட்டார். என் மனக்குறை அதுதான்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். இயற்பியலாளர் டென்னிஸ் காபர் 1947-இல் கண்டறிந்து, 1971-இல் நோபல் பரிசு பெற்ற ஹாலோகிராம் வேறு. அதை நீங்கள் அன்றாடம் பார்ப்பது ஏடிஎம் அட்டையிலும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், மதுப்புட்டியில் ஒட்டிய வில்லையிலும்தான். அரசியல் மேடையில் காட்டுவது 1862-இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் நடத்திய பேய்க் காட்சியின் வாரிசு. சாய்த்து நிறுத்திய கண்ணாடியில், மறைவிடத்தில் நின்ற நடிகரின் பிம்பம் விழுந்தது. இப்போது கண்ணாடியின் இடத்தில் ஒளி ஊடுருவும் மெல்லிய தாள், நடிகரின் இடத்தில் புரொஜெக்டர் ஒளி. தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், சுற்றிலும் இருட்டு வேண்டும், பார்ப்பவர்கள் எதிரில் மட்டுமே உட்கார வேண்டும். மன்னவனூர் ஆட்டுப்பண்ணைப் பக்கம் மாலை ஏழு மணிக்கு அடிக்கும் காற்றில் அந்தத் தாள் நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள். பனி இறங்கிவிட்டால் தலைவர் கலங்கித் தெரிவார், பிறகு காணாமல் போவார். ஒலிபெருக்கி மட்டும் வளர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

சரி, காற்றையும் பனியையும் வென்றுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கேள்விக்கு வலுவான முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2012 குஜராத் சட்டமன்றத் தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் 53 இடங்களில் இப்படித் தோன்றினார். 2014-இல் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களாக விரிந்தது. பிரான்சில் இடதுசாரி அதிபர் வேட்பாளரான மெலான்ஷோன் 2017 பிப்ரவரியில் லியோன் நகரில் நேரில் பேசிக்கொண்டே பாரிஸ் அருகே ஒபெர்வில்லியேவில் ஒளியாக நின்றார். ஏப்ரலில் டிஜோனில் அவர் பேசியபோது, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவும் அவரைப் பார்த்தது. தீவுக்காரர்களை எண்ணினால், கிளாவரைக்காரர் கேட்பதில் என்ன தவறு என்று எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் தம்பி, தலைவர் மலையேறுவதால் நமக்குக் கிடைப்பது அவருடைய பேச்சா? பேச்சு கைபேசியிலேயே வந்துவிடுகிறது, வேண்டாமென்றாலும் வருகிறது. அவர் வருகிறார் என்றதும் இரண்டு நாள் முன்பாகச் சாலைப் பள்ளத்தில் தார் விழுகிறது. சரிந்து கிடந்த மண்ணை அள்ளுகிறார்கள். பல மாதமாக எரியாத தெருவிளக்கு எரிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் இந்த வழியாக இறக்குவது எப்படியிருக்கும் என்று அவர் உடம்பு ஒரு சிறு அளவாவது அறிந்துகொள்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் யாரோ ஒரு பாட்டி கூட்டத்தை விலக்கி மனுவை நீட்டுகிறாள். காட்டுமாடு தோட்டத்தை அழித்ததையும் வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை விழுந்ததையும் நேருக்கு நேர் சொல்கிறாள். பத்து மனுவில் ஒன்பது குப்பைக்குப் போகலாம். ஒளியுருவத்திடம் நீட்டினால் பத்துமே தரையில்தான் விழும்.

திரையையும் ஜெனரேட்டரையும் ஏற்றிய லாரி இதே சாலையில்தானே வர வேண்டும் என்பீர்கள். வரும். ஓட்டுநருக்கு நம் சாலையின் லட்சணம் நன்றாகத் தெரிந்துவிடும். அவர் வாக்குக் கேட்டு வருபவர் இல்லையே.

கருவியையே நான் வெறுக்கவில்லை. 2015 ஏப்ரலில் ஸ்பெயினின் மாட்ரிட்டில் நாடாளுமன்றத்தின் முன்னால் ஒளியுருவங்கள் ஊர்வலம் போயின. ஆர்ப்பாட்டங்களுக்குக் கடும் அபராதம் விதிக்கும் சட்டம் வரவிருந்த நேரம். மக்கள் இணையம் வழியாகத் தங்கள் உருவத்தை அனுப்பிவைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சியோலில் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு அதேபோல ஒரு பேய்ப் பேரணி நடத்தியது. அதிபர் மாளிகை அருகே ஊர்வலம் போக அனுமதி கிடைக்காதவர்கள் அவர்கள். அங்கெல்லாம் உடம்போடு வரவிடாததால் ஒளியாக வந்தார்கள். வர முடிந்தும் வராத ஒருவருக்கு இதே ஒளி கிடைத்தால், அது நல்லதொரு சாக்காகிவிடுகிறது.

2024 ஜனவரியில் சென்னையில், மறைந்து ஐந்தரை ஆண்டுகளான கருணாநிதியைச் செயற்கை நுண்ணறிவால் திரையில் பேசவைத்தார்கள். அது ஹாலோகிராம் அல்ல, காணொளி. என்றாலும் இரண்டும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. இருப்பவரிடம் என்றாவது எதிர்க்கேள்வி கேட்கலாம். இறந்தவரிடம் அதுவும் கிடையாது.

உங்கள் ஊருக்கு ஒரு யோசனை. திங்கட்கிழமைதோறும் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. கிளாவரையிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. ஒளியில் பயணம் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான். அதற்கு ஹாலோகிராம்கூட வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கேமராவும் திரையும், மறுமுனையில் பதில் சொல்ல ஓர் அதிகாரியும் போதும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்த உருவத்தில் வந்தாலும், இதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.