மலேசியத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் (பெ.ஆ.ச.) பணக் கணக்கைப் பெற்றோர் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் பணத்தைப் பிரித்துப் பாருங்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு தரும் பிசிஜி மானியம் பள்ளிக் கணக்கு. அதற்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. நீங்கள் கட்டும் சந்தாவும் நன்கொடையும் பெ.ஆ.ச. கணக்கு, அதற்குச் செயலவை பதில் சொல்ல வேண்டும்.

ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பக்கத்தை வாசித்துக் கைதட்டி முடிக்க விடாதீர்கள். கணக்கேட்டின் கடைசி இருப்பை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். இடிக்கிறதென்றால் பெரும்பாலும் மாற்றாத காசோலை, இல்லையேல் யாரோ கையில் வைத்திருக்கும் ரொக்கம். இரண்டாவதுதான் தலைவலி.

பள்ளிக்கு நிதி திரட்டக் கூப்பன் விற்று நடத்தும் உணவுச் சந்தை வசூலிலிருந்தே நேராகப் பெயிண்ட் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். வரவும் தெரியாது, செலவும் தெரியாது. முழு வசூலும் வங்கிக்குப் போகட்டும், பிறகு இருவர் கையெழுத்திட்ட காசோலை. விற்காத கூப்பன்களை எண்வாரியாகக் கேளுங்கள். கடை ரசீது சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே நகல் எடுங்கள்.