சல்பேட் இல்லாத ஷாம்புக்கு மாறினேன், கழுத்து அரிக்கிறது

கேள்வி: அம்பையில் (அம்பாசமுத்திரம்) பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ராதாபுரம் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே குளிக்க போர் தண்ணீர்தான். வந்ததிலிருந்து முடி நார் மாதிரி ஆகிவிட்டது. ‘சல்பேட் இல்லாத ஷாம்பு வாங்கு’ என்று மைனி சொன்னார்கள், வாங்கினேன். இரண்டு மாதத்தில் கழுத்தும் காதோரமும் கண் இமையும் அரிக்கின்றன. தலையில் அரிப்பே இல்லை. அத்தையோ சீயக்காய்க்கு மாறச் சொல்கிறார்கள். ஷாம்பில் எந்தப் பொருள் நல்லது, எது ஆகாது?

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தொல்லை. முடி முரடானதற்குக் காரணம் வேறு, கழுத்து அரிப்பதற்குக் காரணம் வேறு. முடி முரடானதைச் சல்பேட்டின் தலையில் கட்டியதில்தான் குழப்பம்.

அரிப்பை முதலில் பார்ப்போம். தலையில் ஒன்றுமில்லை, கழுத்து, காதோரம், இமை என்று எழுதியிருக்கிறீர்கள். ஷாம்பு நுரை வழிந்து இறங்கும் பாதை அது. உச்சந்தலைத் தோல் தடிப்பானது, தாங்கிக்கொள்ளும். இமைத் தோல் மிகவும் மெல்லியது. அதனால் பலருக்கு ஷாம்பு ஒவ்வாமை தலையை விட்டுவிட்டு இந்த இடங்களில் வரும். ‘தலை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பவுடரையும் கழுத்துச் செயினையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பாட்டிலைத் திருப்புங்கள். முன்பக்கம் இருப்பது விளம்பரம், விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. அதிகம் சேர்த்த பொருள் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று பெயர்கள்தான் அழுக்கை எடுப்பவை. சாதாரண ஷாம்பில் அது பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட். சல்பேட் இல்லாத பல ஷாம்புகளில் கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன் முன்னால் வந்திருக்கும். தேங்காய் எண்ணெய்க் கொழுப்பிலிருந்து செய்வது, கண்ணில் பட்டாலும் அவ்வளவாகக் கரிக்காது. ஆனால் தயாரிப்பின்போது அதில் தங்கிவிடும் சில வேதிப்பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். குழந்தைகளுக்கான ஷாம்பிலும் இது அடிக்கடி இருப்பதால் அதற்கு மாறியும் தப்பிக்க முடியாது.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் தரும் பொருள் அளவு கூடினால் யாருக்கும் தோலைக் காயவைக்கும். சோடியம் லாரில் சல்பேட் அந்த வகை. தோல் எரிச்சலை ஆராய்கிறவர்கள் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க அதைத்தான் தடவுகிறார்கள். அதன் தம்பியான லாரெத் சாதுவானது. இரண்டு நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருளில் அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஒவ்வாமை அப்படியில்லை. ஊரில் ஒருவருக்குத்தான் வரும், வந்தவருக்குத் துளி போதும். ஆகவே மைனிக்கு ஒத்துக்கொண்ட ஷாம்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதில் அதிசயமில்லை.

‘பாராபென் இல்லை’ என்றும் போட்டிருக்குமே, அதிலும் ஒரு கதை உண்டு. பாராபென் என்பது ஷாம்பு கெடாமல் காக்கும் பொருள். ஒவ்வாமை தருவது மிகக் குறைவு என்பதால் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் 2019இல் அதை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்றே அறிவித்தார்கள். ஆனால் அதைக் கண்டு பயந்து பல நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட மெத்தில்ஐசோதயசோலினோன், 2013இல் அதே மருத்துவர்களிடம் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று பெயர் வாங்கியது. பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பாவில் 2017இல் தடை வந்தது. பாராபெனைத் தேடி ஒதுக்குவதை விட ‘தயசோலினோன்’ என்று முடியும் பெயரைத் தேடி ஒதுக்குங்கள். வாசனைப் பொருளும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சரி, என்ன செய்வது? மூன்று வாரம் அந்த ஷாம்பை நிறுத்துங்கள். ஃபேஸ் வாஷ், கை கழுவும் திரவம் இவற்றிலும் பீட்டெய்ன் இருக்கும், அவற்றையும் பாருங்கள். அதுவரை அத்தை சொன்ன சீயக்காய் போடலாம். கடையில் விற்கும் ‘சீயக்காய் ஷாம்பு’ அல்ல, அது பெயரில் மட்டும் சீயக்காய். அரைத்த பொடியைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தலையைப் பின்னால் சாய்த்துத் தேயுங்கள். வடிகட்டாவிட்டால் பொடித் துகள் முடியை உரசும், இமைப் புண்ணில் பட்டால் உயிர் போகும். அரிப்பு அடங்கி, அதே ஷாம்பைத் தொட்டதும் திரும்ப வந்தால் குற்றவாளி அதுதான். அடங்காவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்துத் தோல் டாக்டரிடமோ காட்டுங்கள். பேட்ச் டெஸ்ட் என்று முதுகில் பொருள்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். போகும்போது பாட்டிலையே கொண்டுபோங்கள், ஒரே பெயரில் நாலு வகை விற்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் இமையில் தடவாதீர்கள். இமை வீங்கினால் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

இனி முடி. தாமிரபரணித் தண்ணீரில் பழகிய முடி போர் தண்ணீருக்கு வந்திருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் ஒட்டிக்கொள்கின்றன, முடி சொரசொரக்கிறது. சோப்புப் போட்டுத் தலை குளித்தால் இன்னும் மோசம், பிசுக்காகப் படியும். ஷாம்பு அப்படிப் படியாது. பட்டியலில் டைசோடியம் இடிடிஏ இருந்தால் நல்லது, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘சிலிகோன் இல்லை’ என்பதைத் தேடாதீர்கள். முடி மேல் வழவழப்பாகப் படியும் டைமெத்திகோன் என்ற சிலிகோன் உங்களுக்கு உதவும் பொருள், சிக்குப் பிடிக்காது. இதையெல்லாம் விட மலிவான வழி, குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரிலோ ஐப்பசி மழையில் பிடித்து வைத்ததிலோ அரை வாளி ஒதுக்கி, கடைசி அலசலை அதில் முடிப்பது. கண்டிஷனர் போடுகிறவர் என்றால் முடியை அலசி மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, முகத்தையும் கழுத்தையும் முதுகையும் அதற்கப்புறம் கழுவுங்கள்.

எண்ணெய் தேய்த்த நாளில் முதல் தடவை நுரை வராது, எண்ணெய் நுரையை எழும்ப விடாது. அதற்காக உள்ளங்கை நிறைய ஊற்றாதீர்கள். கொஞ்சம் போட்டுத் தேய்த்து அலசிவிட்டு மறுபடி பாதி அளவு போட்டால் தானாக நுரைக்கும்.