தொற்றுநோய்ப் பிரிவில் ரெசிடென்சி: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் மருந்தாளுநராக இருக்கிறேன். தொற்றுநோய்ப் பிரிவில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் பயிற்சி) முடித்துவிட்டு, இப்போது ஒரு மருத்துவமனையில் ஆண்டிபயாடிக் பயன்பாட்டைக் கண்காணிக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஃபார்ம்.டி. (மருந்தாளுநர் பட்டம்) முடித்த பிறகு இன்னும் எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

இரண்டு வருடம். முதலில் பி.ஜி.ஒய்.1: எல்லா வார்டுகளையும் சுற்றும் பொதுப்பயிற்சி, 12 மாதம். அதற்குப் பிறகு பி.ஜி.ஒய்.2: தொற்றுநோய் மட்டும், இன்னொரு 12 மாதம். இரண்டுக்கும் அங்கீகாரம் தருவது ஏ.எஸ்.ஹெச்.பி. என்ற மருந்தாளுநர் சங்கம். சம்பளம் உண்டு, ஆனால் பக்கத்து மேசை மருந்தாளுநர் வாங்குவதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். கல்விக்கடன் இருப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எப்படிக் கிடைக்கும்? மேட்சில் பட்டியல் போடுவதில் ஏதாவது தந்திரம் இருக்கிறதா?

மேட்ச் என்பது, நீங்களும் மருத்துவமனைகளும் தரும் விருப்பப் பட்டியல்களைக் கணினி பொருத்தி இடம் ஒதுக்கும் முறை. ஃபோர்காஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பம், டிசம்பரில் நடக்கும் ஏ.எஸ்.ஹெச்.பி.யின் மிட்இயர் கூட்டத்தில் அறிமுகம், அப்புறம் நேர்காணல், மார்ச்சில் முடிவு. பட்டியலில் தந்திரம் எதுவும் கிடையாது. உங்களுக்கு உண்மையில் எந்த இடம் அதிகம் பிடித்ததோ அதை முதலில் போடுங்கள். ‘அவர்கள் என்னை எடுப்பார்களா’ என்று யோசித்துக் கீழே இறக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இந்த வகைப் பொருத்தக் கணக்கு விண்ணப்பதாரர் பக்கம் சாய்ந்தே அமைக்கப்பட்டது. அதன் பின்னால் இருக்கும் ஆய்வுக்கு 2012இல் பொருளாதார நோபலே கொடுத்தார்கள், நம்பலாம்.

இன்னொன்று: பி.ஜி.ஒய்.1 செய்யும் இடத்திலேயே தொற்றுநோய் பி.ஜி.ஒய்.2வும் இருந்தால், மேட்சுக்கு முன்பே அங்கே இடத்தை உறுதி செய்துகொள்ள வழி உண்டு. அதனால் முதல் வருடத்துக்கு இடம் தேடும்போதே இரண்டாம் வருடத்தையும் பாருங்கள்.

ஆண்டிபயாடிக் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே. ஒரு வருடம் முழுக்க அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பது ஆறு மாதத்தில் பழகிவிடும். மிச்ச நேரமெல்லாம், இன்னொருவர் எழுதிய மருந்தை அவரையே மாற்ற வைக்கக் கற்றுக்கொள்வதில் போகும்.

என் கதையையே சொல்கிறேன். ரெசிடென்சியின் இரண்டாவது மாதம். ஒரு நோயாளியின் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, அதுவும் மெத்திசிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படும் வகை. அதற்கு செஃபாசோலின் போன்ற பீட்டா லாக்டம் மருந்துதான் (பென்சிலினும் இதே குடும்பம்) சிறந்தது. ஆனால் போய்க்கொண்டிருந்தது வான்கோமைசின். காரணம், கேஸ் ஷீட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’. நான் பெருமையாக ஒரு நீண்ட குறிப்பு எழுதி வைத்தேன், ஐந்து ஆய்வுகளை மேற்கோள் காட்டி. மறுநாளும் வான்கோமைசினே ஓடியது. யாரும் படிக்கவில்லை.

எனக்குப் பயிற்சி தந்தவர் கேட்டது ஒன்றுதான்: “நோயாளியிடம் பேசினாயா?” பேசவில்லை. போய்க் கேட்டேன். சின்ன வயதில் ஏதோ தடிப்பு வந்ததாக அம்மா சொன்னாராம். அதற்குப் பிறகு பல் வலிக்கு அமாக்சிசிலின் (அதுவும் பென்சிலின் வகைதான்) சாப்பிட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை! இதை அறுவை மருத்துவரிடம் நேரில் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். நின்ற இடத்திலேயே மாற்றிவிட்டார்.

அமெரிக்காவில் நோயாளிகளில் சுமார் 10 சதவீதம் பேர் தங்களுக்கு பென்சிலின் அலர்ஜி என்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் உண்மையில் இருப்பது மொத்த மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு.

பாதி நாள் ‘கொடுக்காதீர்கள்’ என்று சொல்வதிலேயே போய்விடும். சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கும், நோயாளிக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. கர்ப்பிணி, சில சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்தே வேண்டாம். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு சும்மா இருக்க யாருக்கும் மனசு வராது.

கணக்கு எனக்கு வராது. வான்கோமைசின் டோஸ் போடுவதை நினைத்தாலே பயம்.

கணக்கை மென்பொருள் போட்டுவிடும். முன்பு அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவை 15 முதல் 20க்குள் வைக்கப் பார்த்தோம். 2020 வழிகாட்டுதலுக்குப் பிறகு, தீவிர எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபைலோகாக்கஸ்) தொற்றில் ஏ.யூ.சி. (ஒரு நாள் முழுக்க உடல் எதிர்கொள்ளும் மருந்தின் மொத்த அளவு) 400 முதல் 600 என்பதே இலக்கு, சிறுநீரகத்துக்குப் பாதிப்பு குறையும் என்பதால். ஆனால் ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், மருந்து ஓடிக்கொண்டிருந்தபோதே அதே கையில் எடுத்தார்களா என்று நீங்கள்தான் நர்ஸிடம் போய்க் கேட்க வேண்டும்.

இந்தியாவில் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாமா?

முதலில் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் (வெளிநாட்டு மருந்தாளுநர் பட்டத்தை அமெரிக்காவில் ஏற்பதற்கானது) வேண்டும். 2003க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களுக்குக் குறைந்தது ஐந்து வருடப் பாடத்திட்டம் தேவை. ஆகவே நான்கு வருட பி.ஃபார்ம். போதாது, ஆறு வருட ஃபார்ம்.டி. சரி. அந்தச் சான்றிதழுக்கே டோஃபல், தகுதித் தேர்வு, அதன் பிறகு மாநில உரிமம் என்று வரிசையாக இருக்கிறது. பலரும் தடுக்கி விழுவது விசாவில்தான். பல இடங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது, இரண்டு குழந்தைகள். ரெசிடென்சி இல்லாமல் இந்தப் பக்கம் வர முடியுமா?

முடியும். பி.சி.ஐ.டி.பி. என்ற சிறப்புச் சான்றிதழ்த் தேர்வு 2019இல் தொடங்கியது. அதற்கு அனுபவத்தின் வழியாகவும் தகுதி பெறலாம். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் பி.ஜி.ஒய்.2 கேட்பார்கள், அதை மறைப்பதற்கில்லை. சின்ன மருத்துவமனைகளில் நிலைமை வேறு. 2017 முதல் ஜாயின்ட் கமிஷன் (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் அமைப்பு) அங்கீகாரம் வேண்டுமென்றால் ஆண்டிபயாடிக் கண்காணிப்புத் திட்டம் இருந்தே ஆக வேண்டும், நடத்த ஆள் கிடைப்பதில்லை. உங்கள் இடத்தில் யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே கையைத் தூக்குங்கள்.

தூங்க நேரம் இருக்குமா?

வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது, நான்கு வாரச் சராசரியில். வார இறுதியில் மருந்தகப் பணியும் உண்டு. என் தூக்கத்தைக் கெடுத்தது நோயாளிகள் அல்ல, ஆராய்ச்சித் திட்டம். ஆசைப்பட்டுப் பெரிய கேள்வியாக எடுத்துக்கொண்டேன், நெறிமுறைக் குழு அனுமதி வரவே குளிர்காலம் வந்துவிட்டது. சின்னக் கேள்வியாக எடுங்கள், ஜூலையிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.